தராசுக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

இன்று கராஜில் இருந்தவர்கள்: நான், சண்முகக்கனி. என் மகள் அன்னலட்சுமி. மருமகன் தனசேகர். அவரைப் பெற்றவள், அதாவது என் சம்பந்தி, வேலாத்தாள். பக்கத்து வீட்டு வால்டர். வால்டருடைய நாய் டியூக். போன் திரைக்குள்ளே பேத்தி நித்திலா, அவள் படிக்கிற ஊரிலிருந்து. நாயைச் சேர்த்து ஏழு.

ஏன் எழுதி வைக்கிறேன் என்றால், பிற்பாடு பேச்சு மாறும். அன்னத்தின் கல்யாணத்தன்று என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க" என்று இந்த வேலாத்தாள் பந்தியில் நாற்பது பேர் முன்னால் சொன்னாள். இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்குக் கேட்டால் "நான் எங்கீங்க அப்பிடிச் சொன்னேன்" என்கிறாள். அன்றைக்கே யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் எழுத்துக்கூட்டி எழுத வரும். அன்னம் தந்த நோட்டு இது. அவள் சுடுகிற ஒவ்வொரு குண்டையும் இதே மாதிரி நோட்டில்தான் குறித்துக்கொள்வாள்.

ஆமாம், என் மகள் துப்பாக்கி சுடுகிறாள். பகலில் மருந்துக்கடையில் வேலை. சனி ஞாயிறு ஆனால் ரைஃபிள். இந்த டெக்சாஸில் அது யாருக்கும் விசேஷம் இல்லை. மாநில அணியில் ஆறு பேரை எடுப்பார்கள். அன்னம் மூன்று வருஷமாக ஏழாவதாக வருகிறாள். மூன்று வருஷமும் ஏழாவது. நவம்பர் பதினாறாம் தேதி இந்த வருஷத்துக்கான போட்டி. வயது நாற்பத்தேழு ஆகிறது, கண் மங்குகிறது, இந்தத் தடவையும் இல்லையென்றால் ரைஃபிளை எடுத்துக் கட்டிவைத்துவிடுவேன் என்று தனசேகரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. கதவோரம் நின்று நான் கேட்டேன்.

கடையில் விற்கிற தோட்டா ஒன்று போல் ஒன்று போகாதாம். அதனால் கராஜில் பெஞ்சு போட்டுத் தானே செய்கிறாள். சுட்டு முடித்த வெறும் கூட்டைக் கழுவி, அளவாக வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்துவது. மருந்து நிறுக்க வால்டர் கொடுத்த பழைய தராசு ஒன்று. ஈ உட்கார்ந்தால் முள் சாயும்.

பூஜையில் ஒரே ஒரு தகராறு. யார் சந்தனம், யார் குங்குமம் என்று. தனசேகர்தான் தீர்த்து வைத்தார்: "அத்தை சந்தனம் வைக்கட்டும், அம்மா குங்குமம் வைக்கட்டும்." சரி என்றேன். சந்தனம்தான் முதலில் வைப்பது. அது வேலாத்தாளுக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது.

கார், கிரைண்டர், துணி துவைக்கிற மிஷின், ரைஃபிள் வைத்திருக்கிற இரும்புப் பெட்டியின் கதவு, எல்லாவற்றுக்கும் வைத்தோம். பெஞ்சுப் பக்கம் போனபோது அன்னம் சொன்னாள்: "அத்தை, இதுல குங்குமம் கிங்குமம் எதுவும் படவேண்டாம்." வேலாத்தாள் "சரி கண்ணு" என்று திரும்பிவிட்டாள். அவளுக்குப் பக்தி அவ்வளவுதான். அன்னம் குங்குமம் என்றுதான் சொன்னாள். சந்தனத்தைச் சொல்லவில்லை. எல்லாச் சாமானுக்கும் வைத்துவிட்டு, முக்கியமான சாமானை மொட்டையாக விடலாமா. தராசுத் தட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், ஒரு பொட்டு வைத்தேன். கல்லில் உரைத்த அசல் சந்தனம், சாத்தூரிலிருந்து நான் கொண்டுவந்த கட்டை.

டியூக் பொரியைத் தின்றது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

காலையில் மறுபூஜை. தராசுக்கும் புதுப்பொட்டு. உடனே அன்னம் உட்கார்ந்து இருபது தோட்டா செய்தாள். ஆரம்பிக்கும்போது காலித்தட்டை மாட்டி முள்ளைச் சரிபார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்து, செய்தவற்றை வரிசையாகப் பெட்டியில் அடுக்கினாள். என்னையும் பக்கத்தில் உட்காரவிட்டாள். இந்த வீட்டில் நான் வந்து நான்கு மாதத்தில் உட்காரச் சொன்ன முதல் இடம் இதுதான். அடுப்படி வேலாத்தாளுடையது.

அக்டோபர் 13, ஞாயிறு

ரேஞ்சுக்குப் போனோம். அறுநூறு கஜம் தள்ளிக் குறி அட்டை. எனக்கு அது தெரியவே இல்லை, வால்டர் தன் தொலைநோக்கியைக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் என் காபியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தவர், ஜூலை ஒன்பதாம் தேதி. ஞாபகம் இருக்கிறது.

இந்த ரைஃபிளுக்கு ஒரு குணம். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு. வெறும் கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். எறிகிற கூடு பத்தடி தள்ளி விழும், சிலது வாய் நசுங்கிவிடும். பொறுக்குவது என் வேலை. இட்லித் துணி ஒன்றை விரித்து வைத்துப் பொறுக்கினேன்.

முதல் எட்டுக் குண்டும் நடுவில். ஒன்பதாவது கொஞ்சம் மேலே. பன்னிரண்டாவது இன்னும் மேலே. கடைசி ஐந்து குண்டும் கருவட்டத்தின் மேல் விளிம்பில். போகப் போக ஏறுகிறது. இடது வலது பக்கமும் கொஞ்சம் சிதறல்.

வால்டர் ஏதோ சொன்னார். அன்னம் எனக்குச் சொன்னாள்: "குழாய் சூடாகி மேல ஏறுதாம்மா. இல்லன்னா நான் களைச்சுப் போறேனாம்."

"போன மாசம் களைக்கலயே," என்றேன். "செப்டம்பர் இருபத்தொம்பதாம் தேதி இருபதும் நடுவுல போட்டே. பச்சைச் சட்டை போட்டிருந்தே."

"அதான் எனக்கும் புரியல," என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்

இன்று யாரோடும் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 18, வெள்ளி

போட்டி முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் பெஞ்சுக்கு விளக்கேற்றுவது என்று நேர்ந்துகொண்டேன். அன்னம் வேலையிலிருந்து வந்து, உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஐந்து நிமிஷம். அவள் மருந்து டப்பாவைத் திறப்பதற்குள் நெருப்பை அணைத்துவிடுவேன். விளக்கு, ஊதுபத்தி, தட்டின் அடியில் பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதுப்பொட்டு. போன வாரம் வைத்தது சின்னதாகப் போய்விட்டதோ என்று இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாக வைத்தேன்.

அன்னம் நிறுக்க ஆரம்பித்ததும், எதிர் மூலையில் தடதடவென்று சத்தம். வேலாத்தாள் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அதுவும் இதே கராஜில்தான் இருக்கிறது. ஈ உட்கார்ந்தால் சாய்கிற தராசு. ஒரு படி அரிசி சுற்றுகிறது. எனக்கு வெளிச்சமாகிவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

மறுபடியும் ஏறுகிறது. பத்தாவது குண்டிலிருந்து.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "மதினி, வெள்ளிக்கிழமை நீங்க மாவாட்டுனதுல தராசு ஆடிருச்சு."

வேலாத்தாள் என்னைப் பார்த்தாள். தனசேகரைப் பார்த்தாள். "ஏனுங்க சம்பந்தியம்மா, போன மாசமெல்லாம் நான் மாவாட்டுலீங்களா?"

இந்தப் பணிவுதான் எனக்கு ஆகாது. அவள் ஊர் கோபிச்செட்டிபாளையத்தில் திட்டுவதற்கும் 'ங்க' போடுவார்கள் போலிருக்கிறது. சண்டைக்கு வந்தால் வரவேண்டும். சர்க்கரையைத் தூவிக்கொண்டு வரக் கூடாது.

அன்னம், "ஒரு வாரம் நிறுத்திப் பாப்போம் அத்தை," என்றாள். அத்தை சரி கண்ணு என்றாள்.

அக்டோபர் 24, வியாழன்

மிக்சியில் அரைத்த மாவு. இட்லியைக் கீழே போட்டால் டியூக் விளையாடும். தனசேகர் ஒன்றும் சொல்லாமல் நான்கு சாப்பிட்டார். ஆண்பிள்ளை அப்படி இருக்கவேண்டும்.

அக்டோபர் 25, வெள்ளி

கிரைண்டர் இல்லை. ஏசியை நிறுத்தினோம், காற்று வரக் கூடாது என்று. கராஜ் வெந்தது. பொட்டு வைத்தேன். அன்னம் இரண்டு மணி நேரம் வியர்வையோடு உட்கார்ந்து இருபது தோட்டா செய்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஏசி இல்லாமல் செய்தது இன்னும் சீக்கிரம் ஏறுகிறது. ஏழாவது குண்டிலிருந்தே.

வேலாத்தாள் கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அன்னத்தின் நானூறு வெறும் கூடுகளையும் துணியில் கொட்டி உட்கார்ந்துவிட்டேன். தீப்பெட்டி ஆபீசில் பத்தொன்பது வருஷம் கட்டை, அதாவது குச்சிச் சட்டம், அடுக்கியவள் நான். குச்சி வளைந்திருந்தால் கண் பார்ப்பதற்கு முன் விரல் சொல்லிவிடும். வாய் நசுங்கியது, கழுத்தில் கோடு விழுந்தது, அடி தேய்ந்தது என்று முப்பத்தொன்றைத் தள்ளினேன். அன்னம் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தாள். முப்பதும் தள்ளவேண்டியதுதான். ஒன்று மட்டும் நல்லது என்றாள். அவள் அளவுகோலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இனிமே கூடு பார்க்கிறது நீதான்," என்றாள்.

வேலாத்தாள் அதிரசம் கொண்டுவந்து பெஞ்சு ஓரத்தில் வைத்தாள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

விளக்கு, பொட்டு, இருபது தோட்டா.

நவம்பர் 3, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுதவேண்டும்.

நான் தரம் பார்த்துப் பொறுக்கிய கூட்டில் செய்த தோட்டா என்பதால் இடது வலது சிதறல் போயேபோய்விட்டது. நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. ஆனால் நெடுக்குவாட்டில் கோடு. முதல் பத்துக் குண்டில் ஏழாவதிலிருந்து மேலே மேலே ஏறுகிறது. வால்டர் குழாய்ச் சூடு என்று மறுபடி ஆரம்பித்தார். அன்னம் போட்டிக்கு நாள் எண்ணினாள். இன்னும் பதின்மூன்று நாள்.

நான் சொன்னேன்: "அன்னம், மிச்சம் பத்து இருக்குல்ல. கடைசியா செஞ்சதை முதல்ல சுடு. வரிசையைத் திருப்பு."

"என்னத்துக்கும்மா?"

"குழாய் சூடுன்னா, எதைச் சுட்டாலும் கடைசிலதான் ஏறணும். முதல்லயே மேல போச்சுன்னா, குத்தம் குழாயிலயும் இல்ல, உன் கையிலயும் இல்ல. செஞ்ச இடத்துல."

அரை மணி நேரம் ரைஃபிளை ஆறவிட்டாள். பிறகு இருபதாவது தோட்டாவை முதலில் வைத்தாள். நேராக மேல் விளிம்பு. பத்தொன்பது, அதுக்கு ஒரு விரல் கீழே. பதினெட்டு, அதுக்கும் கீழே. படி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது.

வால்டர் தொப்பியைக் கழற்றினார். அன்னம் எனக்குத் திரும்பிச் சொன்னாள்: "அம்மா, பின்னால செஞ்சதுல மருந்து கூடுதலா விழுந்திருக்கு. அளவைத் தாண்டல, ஆபத்து ஒண்ணுமில்ல. ஆனா உட்கார்ந்து எந்திரிக்கிற ரெண்டு மணி நேரத்துல தராசு மாறுது."

"தராசு தானா மாறாது," என்றேன். "யாரோ என்னமோ செய்யிறாக."

வால்டரின் காபி விஷயத்தை இன்றோடு விட்டுவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

யோசித்தேன். தராசைத் தொடுகிற வாய்ப்பு உள்ளவர்கள் நான்கு பேர். அன்னம், அவள் தனக்குத்தானே செய்துகொள்ள மாட்டாள். தனசேகர், அவர் கராஜுக்குக் கார் எடுக்க மட்டும் வருவார். வால்டர், தராசே அவருடையது. மிச்சம் வேலாத்தாள்.

நான் என்னைச் சேர்க்கவில்லை. நான் விளக்கேற்றுகிறவள்.

நவம்பர் 8, வெள்ளி

போட்டிக்கான எண்பத்தெட்டுத் தோட்டாவும் இன்று. அன்னம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பகல் இரண்டு மணியிலிருந்து நான் காவல். நாற்காலியைக் கராஜ் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேலாத்தாள் ஒரு தடவை வந்தாள். "கொத்தமல்லி எடுத்துட்டுப் போறனுங்க," என்றாள். பிரிட்ஜ் கராஜில் இருக்கிறது. அவள் கை பெஞ்சுப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. கண் மட்டும் போனது. விளக்கைப் பார்த்தாள், சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள், பிறகு கொத்தமல்லியோடு போய்விட்டாள். நான் காவல் இருப்பது தெரிந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு வைத்தது ஒரு ரூபாய் அகலம். போட்டிக்கு உள்ளது, குறை வைக்கக் கூடாது. தராசுக்குச் சொன்னேன்: மூன்று வருஷம் ஏழாவதாக நின்ற பிள்ளை, பார்த்துக்கொள் என்று. ஏழு மணி வரைக்கும் நிறுத்தாள். நான் காவல் இருக்கிற தைரியத்தில் நடுவில் முள்ளைச் சரிபார்க்கவில்லை. நானும் அன்னமும் தவிர யாரும் கிட்டே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

எண்பத்தெட்டில் எட்டை மட்டும் சோதித்தாள், வரிசையில் பத்துக்கு ஒன்று எடுத்து. முதலாவதுக்கும் கடைசிக்கும் ஒரு முழம் வித்தியாசம். இதுவரை இவ்வளவு இல்லை.

காரில் வரும்போது அன்னம் குறி அட்டையை மடித்து மடியில் வைத்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "விட்டுரலாம்மா," என்றாள்.

தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிப்போகாமல் அவளை நான் படிக்கப் போட்டதற்கு, எத்தனை பேர் என்னென்ன சொன்னார்கள் என்று பெயரோடு எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் இன்று என் மகள் விட்டுரலாம் என்று சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதவேண்டும். இருந்தவர்கள்: நான், வேலாத்தாள், அன்னம்.

நாளைக்கு வெள்ளியோடு பௌர்ணமியும் சேர்ந்து வருகிறது என்று, இன்றைக்கே சந்தனம் உரைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். வேலாத்தாள் பெஞ்சின் முன்னால் நிற்கிறாள். ஒரு கையில் தராசுத் தட்டு, இன்னொரு கையில் ஈரத்துணி.

ஆகா, கையும் களவுமாக என்று நினைத்தேன். கூப்பிட வாய் திறப்பதற்குள் பின்னால் கதவு திறந்தது. அன்னம். வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

வேலாத்தாள் தட்டைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அன்னம் வாங்கித் திருப்பினாள். அடியில் பாதி துடைத்த சந்தனம். மஞ்சளாக, பாளம் பாளமாக வெடித்து.

அன்னம் அதை நகத்தால் தொட்டாள், ஒரு சில்லு உதிர்ந்தது. மருந்துக்கடையில் இருபது வருஷம் நிறுத்தவள், விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "ஈரமா இருக்கும்போது முள்ளைச் சரிபண்ணிருக்கேன். நான் நிறுக்க நிறுக்க இது காஞ்சிருக்கு, உதிர்ந்திருக்கு. தட்டு லேசாக ஆக, தராசு கூடுதலா மருந்து கேட்டிருக்கு." தட்டை எங்கள் இரண்டு பேர் பக்கமும் நீட்டினாள். "ஆரு வெச்சது இதை?"

நான் கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். இது நடந்தது. எழுதிவிட்டேன்.

வேலாத்தாள் சொன்னாள்: "நாந்தானுங் கண்ணு வெச்சேன். சாமி காரியம்னு நெனச்சுட்டேன்."

"நான் அன்னிக்கே சொன்னேனே அத்தை. ஒரு மாசமா நாங்க குழாயைப் பாக்கறோம், கூட்டைப் பாக்கறோம், ஏசியை நிறுத்தி வெந்து சாகறோம். நாளை மறுநாள் போட்டி. இனிமே இந்தப் பெஞ்சுப் பக்கம் நீங்க வரவேண்டாம்."

கல்யாணமான இருபத்துமூன்று வருஷத்தில் அன்னம் மாமியாரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு, "சரி கண்ணு," என்றாள். போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைப் பார்த்தாள்.

நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பொய்யாக ஏதாவது சொன்னேனா என்றால் இல்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

அன்னம் முழு நாள் லீவு. காலை ஆறு மணியிலிருந்து மிச்சம் இருந்த எண்பது தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். குண்டு தனி, மருந்து தனி, கூடு தனி. சோதித்த எட்டுக்குப் பதில் நான் புதிதாக எட்டுக் கூடு பொறுக்கிக் கொடுத்தேன். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, மறுபடி எண்பத்தெட்டும் முதலிலிருந்து. பத்துக்கு ஒரு தடவை காலித்தட்டை மாட்டி முள்ளைப் பார்த்தாள். ஆடவே இல்லை.

விளக்கேற்றவில்லை. அன்னம் ஏன் என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மத்தியானம் வேலாத்தாள் கராஜ் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்று, சோற்றுத் தட்டுகளை நீட்டினாள். உள்ளே கால் வைக்கவில்லை. நான்தான் எழுந்து போய் வாங்கினேன். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். என் தட்டில் நெய் கூடுதலாக இருந்தது. வேண்டுமென்றேதான் ஊற்றியிருக்கிறாள்.

நவம்பர் 16, சனி

இருந்தவர்கள்: எல்லோரும்.

காலை முழுவதும் நின்று, உட்கார்ந்து, படுத்து என்று இருநூறு, முந்நூறு கஜத்தில் சுட்டார்கள். அன்னம் எட்டாவது இடத்தில் இருந்தாள். கடைசியில் அறுநூறு கஜம், இருபது குண்டு.

நான் தொலைநோக்கியை வால்டரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்று, நடு. இரண்டு, நடு. ஏழாவது குண்டுக்கு மூச்சைப் பிடித்தேன். நடு. ஒன்பது, நடு. பதினொன்று காற்றில் இடது பக்கம் கொஞ்சம் விலகியது. காற்றுக்கு நான் பொறுப்பில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. மேலே ஏறவே இல்லை. பக்கத்தில் யாரோ என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார்கள். பார்த்தால் வேலாத்தாள். எடுக்கச் சொல்ல நேரமில்லை.

இருபது.

கணக்குப் பார்த்துப் பலகையில் எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்னம் ஆறாவது. ஏழாவது ஆளைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். தனசேகர் பலகைக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

வால்டரும் வேறு நான்கைந்து பேரும் வந்து அன்னத்தின் கையைக் குலுக்கினார்கள். அன்னம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள்.

"என்ன சொன்னே?"

"கூடெல்லாம் எங்கம்மா பொறுக்குனது, வரிசையைத் திருப்பிச் சுடச் சொன்னதும் எங்கம்மாதான்னு சொன்னேன்."

பின்னால் காருக்குப் பக்கத்தில் வேலாத்தாள் தனியாகச் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குக் கை தட்டவில்லை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, போனேன்.

"மதினி, என்னத்துக்கு அப்படிச் சொன்னீக?"

"எப்பிடிங்க?"

"உங்களுக்குத் தெரியும்."

பாத்திரத்தை முடிச்சுப் போட்டு முடித்தாள். "அன்னிக்குக் கொத்தமல்லி எடுக்க வந்தப்பவே பாத்தனுங்க. சந்தனக் கிண்ணம் எதுக்கு இங்கேன்னு. ராத்திரியெல்லாம் யோசனை. மக்கியாநா விடிஞ்சதுமே கேட்டிருந்தா நீங்க சண்டைக்கு வருவீங்க. அன்னங் கண்ணு போட்டிக்குப் போற நேரத்துல எதுக்கு வம்புன்னு, ஆருமில்லாதப்போ தொடச்சு வெச்சரலாம்னு போனேன். கண்ணு வந்துருச்சு."

"அதுக்கு? நாந்தான் வெச்சேன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அடுத்த பிளேன்ல ஏறிச் சாத்தூரு போயிருவீங்க. எனக்குத் தெரியாதுங்களா உங்க ரோசம்." கார்க் கதவைத் திறந்தாள். "அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, பகலெல்லாம் நான் ஆருகூடங்க சண்டை போடறது? நித்திலாவும் இல்லீங்க. உங்களுக்கு முன்னால இந்த வூட்டுல நாலு வருசம் நான் ஃப்ரிட்ஜுகூடத்தான் பேசிட்டிருந்தேன்."

நான் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக் காரில் வைத்தேன். அவள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்புறமுங்க சம்பந்தியம்மா. அந்த ரசத்துல உப்பு நெசமாலுமே தூக்கலுங்க."

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் நானே கிரைண்டரில் அரிசி போட்டேன். வேலாத்தாள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் பத்தாது என்று ஒரு டம்ளர் ஊற்றினாள். பத்தும் என்றேன். பத்தாது என்றாள். தனசேகர் எட்டிப்பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நல்ல இட்லி வரப்போகிற சந்தோஷம்.

அன்னம் கராஜில் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அத்தை, பெஞ்சுக்கிட்ட வாங்க," என்று மாமியாரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பேசினதுக்கு ஏதோ சொன்னாள். வேலாத்தாள் "அட, விடு கண்ணு," என்றாள். பிறகு அன்னம் என் சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்து, பெஞ்சின் காலைக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை இங்கன வையிம்மா. இது எடை போடாது."

ஏன் என்னிடம் கொடுத்தாள் என்று தெரியவில்லை. வைத்ததாக ஒத்துக்கொண்டவள் வேலாத்தாள். கொடுத்தால் அவளிடம் கொடுக்கவேண்டும். கேட்கலாம் என்று நினைத்தேன். அன்னம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்குகிற முகம், மூன்று வயதில் சர்க்கரை டப்பாவோடு நின்ற அதே முகம். கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ஆயுத பூஜை அன்று குங்குமம் வைத்தவள் வேலாத்தாள். தட்டில் இருந்தது குங்குமம் இல்லை. சரி, அதை விடுவோம்.

இந்த நோட்டில் ஒரு பக்கம்தான் மிச்சம். அதனால் தீர்த்துவிடுகிறேன். வால்டரைக் காபிக்காக மன்னித்தாயிற்று. பொரிக்காக டியூக்கையும். அளவுகோலுக்காக அன்னத்தை மன்னித்தேன். பந்தியில் இருந்த நாற்பது பேரையும் மன்னித்தேன், அவர்களில் பதினோரு பேர் இப்போது இல்லை. ரசத்தையும் விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கு உப்பை நான் இரண்டு தடவை போட்டிருக்கலாம்.

ஆனால் எழுபத்தொரு வயதுவரை யாருக்கும் நன்றி சொல்லவேண்டிய நிலைமைக்கு வராமல் இருந்தவளை, தலையைக் குனிந்து நின்று, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லாமல், அந்த நிலைமையில் கொண்டுவந்து வைத்தாளே ஒருத்தி. இனி அவளோடு மனம்விட்டுச் சண்டை போட முடியுமா. இனி மாவுக்குத் தண்ணீர் பத்தாது என்றால், நான் ஊற்றத்தானே வேண்டும்.

அவளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். பெயரையும் எழுதிவிடுகிறேன், பிற்பாடு பேச்சு மாறக் கூடாது: வேலாத்தாள்.